சங்கத்தில் சேர்ந்தாயிற்று, ஆட்களைத் தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி இது: “ராமநாதபுரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன், சந்தா கட்டிவிட்டேன், கண் சிகிச்சை முகாமில் நாற்காலி எடுத்துப் போட்டேன். ஆனால் 42 உறுப்பினர்களில் ஐந்து பேரிடம்தான் நின்று பேச முடிகிறது. கூட்டம் முடிந்ததும் ‘ஃபெலோஷிப்’, அதாவது தோழமை நேரம், என்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். சேவை செய்யத்தானே வந்தோம், பழக்கம் இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிடலாமா?”

விட்டுவிடாதீர்கள், தம்பி. நான் இதே ஊரில் அச்சகம் நடத்துகிறவன். 23 ஆண்டுகளாக ஒரு சங்கத்தில் இருக்கிறேன். இரண்டு முறை செயலாளராக இருந்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும், எங்கள் சங்கத்திலிருந்து சத்தமில்லாமல் விலகிப்போன பல முகங்கள் கண்முன் வந்தன. அவர்களில் ஒருவர்கூடச் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சேவை முன்னால், பழக்கம் அதற்குப் பின்னால் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. ரோட்டரி சங்கத்தைத் தொடங்கிய பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896இல் தொழில் நடத்த சிகாகோவுக்கு வந்தார். கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கவில்லை. சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த அந்த வாழ்க்கை பெருநகரத்தில் எங்கே போயிற்று என்ற ஏக்கம் அவரை விடவில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். ஹாரிஸ் ஒருவர், மற்றவர்கள் நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோயர், தையல் தொழில் செய்த ஹைரம் ஷோரி. அந்த அறை லோயரின் அலுவலகம். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வொருவர் தொழில் நடத்தும் இடத்திலும் முறைவைத்து நடத்தினார்கள். அப்படிச் சுற்றி வந்ததால்தான் ரோட்டரி, அதாவது சுழல்வது, என்ற பெயரே பிறந்தது. அடுத்து வந்து சேர்ந்த ஹாரி ரகிள்ஸ் அச்சகக்காரர். என் தொழில்காரர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அந்தச் சங்கத்தின் முதல் பொதுப்பணி சிகாகோவில் ஒரு பொதுக் கழிப்பறை. அதற்கான முயற்சியை எடுத்தது 1907இல். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதவே ஓர் உறுப்பினர் இருந்தார். அந்தப் பழக்கம் பின்னால் கைவிடப்பட்டது, நல்லதாயிற்று. ஆனால் பழக்கத்துக்கு அவர்கள் கொடுத்த இடம் இன்றும் இருக்கிறது. ரோட்டரியின் நோக்கங்களாக எழுதிவைத்திருக்கும் நான்கில் முதலாவது, அறிமுகத்தை வளர்ப்பது. அதன் வழியாகத் தொண்டுக்கு வாய்ப்பு உண்டாக்குவது. அரிமா (லயன்ஸ்) சங்கத்தைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸும் 1917இல் சிகாகோ வியாபாரிகளின் ஒரு வட்டத்திலிருந்து கிளம்பியவர்தான். உங்கள் சங்கம் எந்தக் குடையின் கீழ் இருந்தாலும் அடிப்படை இதுதான்.

கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன் என்கிறீர்கள். போக வேண்டியதுதான். ஆனால் மண்டபத்தில் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையும் சட்டையில் குத்திய பின்னுமாக ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவரவர் தொழில் நடக்கிற இடத்துக்குப் போனால்தான் ஆள் தெரியும். முதல் நான்கு பேர் செய்ததும் அதைத்தான்.

எங்கள் சங்கத்தில் பாம்பனில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கும் ஒருவர் உண்டு. ஆறு ஆண்டுகளாகக் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் ஒரு வார்த்தை சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பேசத் தெரியாதவர் என்றே முடிவு கட்டியிருந்தோம். நான் செயலாளரான ஆண்டில், மாதம் ஒருவர் தொழிலிடத்துக்குப் போவது என்று தீர்மானம் போட்டு முதலில் அவரிடம் கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாங்கண்ணே” என்றார். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முந்தின இரவு ஐஸ் ஏற்றும் வேலை.

ஏழு பேர் போனோம். உள்ளே கால் வைத்ததும் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. தரைக்குக் கீழே பெரிய தொட்டி. அதில் உப்புக் கரைசல். அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கேன்கள், மேலே மரப்பலகை மூடி. கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் உறைந்து ஒரு பார் ஐஸ் ஆவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. சங்கிலிக் கொக்கியில் ஒரு வரிசைக் கேன்களை அப்படியே தூக்கி, சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கினார்கள். ஓரம் இளகியதும் கவிழ்த்தார்கள். பளிங்குத் தூண்கள் மாதிரி பார்கள் சரிந்து வந்தன. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு. ஒரு பையன் கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தில் தள்ள, நொறுங்கிய ஐஸ் குழாய் வழியாக வண்டியில் கொட்டியது.

நம்முடைய பேசாத மனிதர் அங்கே வேறு ஆளாக இருந்தார். எங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். கம்ப்ரஸர் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உள்ளே போய் எதையோ திருகிவிட்டு வந்தார். “சுதி இறங்கியிருச்சு” என்றார். 30 ஆண்டுகளாக அந்தச் சத்தத்தோடு இருப்பவர். பரபரப்பான மண்டபத்தில் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது: கேட்டுப் பழகிய காது அது. மறுமாதத்திலிருந்து கூட்டத்தில் அவரிடம் நானாகப் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் கணக்கு வழக்கில் மூன்று ஆண்டுகளாக இருந்துவந்த ஒரு குழப்பத்தை நேர்செய்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு பல இடங்களுக்குப் போயிருக்கிறோம். முண்டு மிளகாய் கமிஷன் கடை ஒன்றில், காம்பையும் தோலின் பளபளப்பையும் பார்த்து விலை சொல்லும் ஒரு பெரியவரோடு ஒரு காலைப்பொழுது. மண்டபம் முகாம் என்ற ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஓர் உறுப்பினரோடு ஒரு நாள். கோடைக்காலத்தில் தேவிபட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணை. அந்தப் பண்ணையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது வண்டிப் பயணம். நம் மாவட்டத்தில் சங்கத்தின் ஆட்கள் கடற்கரையோரமாக நீளமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர்; இந்தப் பக்கம் கீழக்கரை, அந்தப் பக்கம் தொண்டி. முகாம் என்றால் ஆளுக்கொரு வண்டியில் போய் இறங்கி, வேலையை முடித்து, ஆளுக்கொரு வண்டியில் திரும்புகிறோம். இதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முகாமுக்கு உங்களுக்குத் தெரியாத மூத்த உறுப்பினர் ஒருவரிடம் “உங்கள் வண்டியில் ஓர் இடம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். மறுக்கவே மாட்டார். போகும்போது பேச்சு மேலோட்டமாகத்தான் இருக்கும். திரும்பும்போது, இரவில் பாம்பன் பாலத்தின் மேல் ஏறி இரண்டு பக்கமும் படகு விளக்குகள் தெரிகிற இடத்தில், எப்படிப்பட்டவரும் மனம் திறப்பார். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலில் தகப்பனாரைத் தொலைத்துவிட்டுத் தாயோடு தங்கச்சிமடத்துக்கு நடந்தே வந்து சேர்ந்த கதையை ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது அந்தப் பாலத்தின் மேல்தான். பத்து ஆண்டுகள் ஒரே சங்கத்தில் இருந்திருக்கிறோம்; அதுவரை எனக்குத் தெரியாது. புயல் நிவாரணம் என்றால் அவர் ஏன் எல்லாருக்கும் முன்னால் பணம் எடுத்து வைக்கிறார் என்பதும் அன்றுதான் புரிந்தது.

கூப்பிடும் முறை சின்ன விஷயம் போலத் தோன்றும். எனக்கு அது பெரிய விஷயம். முதல் ரோட்டரிக்காரர்கள் ஒருவரையொருவர் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதையே பிடித்துக்கொண்டு 70 வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே யாருக்கும் நாக்கு வராது, வரவும் வேண்டாம். நமக்கு அதைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன. அண்ணே, அக்கா, அண்ணாச்சி, தம்பி. கீழக்கரை உறுப்பினர்கள் மூத்தவரைக் ‘காக்கா’ என்பார்கள். நீங்களும் அப்படியே கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலர்வது தெரியும். ‘சார்’ என்பது பாதுகாப்பான சொல்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் அதிலேயே நின்றுவிட்டால் இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை கிடப்பது போல இருக்கும். இடமாற்றலில் வந்த ஒரு வங்கி மேலாளரை ஒரு வருடம் முழுவதும் சார் என்றே அழைத்தோம். அவர் அம்மா காலமானபோது எங்களில் நான்கு பேர் இரவோடு இரவாக மதுரைக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து கூட்டத்துக்கு வந்தவர் என்னை “அண்ணே” என்று அழைத்தார். இன்று அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்; பொங்கலுக்குப் போன் வராமல் இருந்ததில்லை.

பெண் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோட்டரி 1989இல்தான் உலகெங்கும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. நம் பக்கத்தில் இன்னும் பல சங்கங்களில் ஒரு டாக்டரம்மாவோ தலைமையாசிரியையோ சேர்ந்தால், அவர்களை உறுப்பினர்களின் மனைவியர் உட்காரும் பக்கம் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அங்கே சங்க வேலை எதுவும் காதில் விழாது. உங்கள் சங்கத்தில் அப்படி நடந்தால், உங்கள் மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரிடம் முகாம் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஃபெலோஷிப் என்றால் இரவுச் சாப்பாடு என்று ஆகிவிட்டதாக வருத்தப்படுகிறீர்கள். சேர்ந்து சாப்பிடுவதில் தப்பே இல்லை. நம் ஊரில் பந்தியில் உட்காராமல் எந்த உறவும் உறவாவதில்லை. ஆனால் எல்லாராலும் உட்கார முடிகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். ஒரே மண்டபத்தில் கார்த்திகையில் மாலை போட்டவர் இருப்பார். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடாத தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கர் இருப்பார். நோன்பு திறக்கும் நேரத்தில் மேடையில் வரவேற்புரை கேட்டுக்கொண்டு காய்ந்த தொண்டையோடு உட்கார்ந்திருக்கும் கீழக்கரைக்காரர் இருப்பார். எங்கள் சங்கத்தில் ஒரு ரமலான் மாதத்தில் இதைக் கவனித்தவர் ஓர் ஆடிட்டர். கூட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் எல்லாருக்கும் வரவழைத்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கீழக்கரை உறுப்பினர்கள் ஒவ்வொரு ஆண்டும் பதவியேற்பு விழாவுக்குத் தொதல் என்ற இனிப்பைக் கொண்டுவருகிறார்கள். கரும்பழுப்பு நிறத்தில், தேங்காய்ப்பால் வாசனையோடு, வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தத் துண்டுக்காகவே சிறுவர்கள் விழாவுக்கு வருகிறார்கள்.

சில சங்கங்களில் ஃபெலோஷிப் என்ற சொல்லுக்குப் பாட்டில் என்று பொருளாகியிருக்கிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை: அது சங்கத்தை இரண்டாகப் பிளக்கும். குடிக்காதவர்கள், பெண்கள், வண்டி ஓட்டித் தொலைவு போக வேண்டியவர்கள் எட்டரை மணிக்கே கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து அடுத்த ஆண்டுத் தலைவர் யார் என்பதை முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் புதியவர் என்பதால் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. அந்த மேஜைக்குப் போகாததால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் அறிந்து பழகுவதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர்களும் வலைக் கடைக்காரர்களும் ஐஸ் ஃபாக்டரிக்காரர்களும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் காலம் அதுதான். படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். நிழலில் உட்கார்ந்து நிறையப் பேசுவார்கள். அதே நாட்களில்தான் அவர்கள் கையில் பணப்புழக்கம் இருக்காது. அந்த நேரம் பார்த்துச் சிறப்பு நன்கொடை கேட்கும் சங்கத்தைவிட்டு அவர்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். மே மாதத்தில் ரசீதுப் புத்தகம் இல்லாமல் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள்.

என் மனத்தில் 15 ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை செயலாளராக இருந்தபோது, தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராத ஒருவருக்குச் சந்தா பாக்கி என்று நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். என் அச்சகத்தில் நானே அச்சடித்த படிவம். பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் பணவிடை வந்தது. கீழே தகவல் எழுதும் இடத்தில், மனைவிக்குப் புற்றுநோய் என்றும் இரண்டு மாதங்களாக மதுரையில் மருத்துவமனையிலேயே இருப்பதாகவும் எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. அவர் கடை என் அச்சகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். இரண்டு மாதங்களாக அந்தக் கடை பூட்டிக் கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அன்று மாலையே மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா பிழைக்கவில்லை. அவரும் சங்கத்துக்குத் திரும்பவில்லை. அந்தப் படிவத்தை அதற்குப் பிறகு நான் அச்சடிக்கவில்லை. ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால் செயலாளரோ பக்கத்துக் கடைக்காரரோ நேரில் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் விசாரித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டிய கடை வாட்ஸ்அப்பில் தெரியாது.

இப்போது அந்த இறால் பண்ணை. கோடையில் நாங்கள் போனபோது குளங்களில் துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றூட்டிக்கொண்டிருந்தன. வரப்பின் ஓரத்தில் தார்ப்பாய் மூடி இரண்டு டீசல் மோட்டார்கள். குளத்தில் தண்ணீர் மாற்றுவதற்கு என்றார் உரிமையாளர். மின்சாரம் நின்றால் இறால் செத்துவிடும் என்பதால் இயந்திரங்களை எப்போதும் ஓடும் நிலையில் வைத்திருப்பாராம். அதை மனத்தில் போட்டுவைத்தேன். 2024 நவம்பர் 20 உங்களுக்கும் நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. தங்கச்சிமடத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் தெருவே முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றது. வயதானவர்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இரவில் எனக்குப் போன் வந்தது. பண்ணைக்காரரை அழைத்தேன். “எந்த இடத்தில் இறக்கணும்?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். விடிவதற்குள் மினி லாரியில் இரண்டு மோட்டார்களும், குழாய்களும், அவற்றை ஓட்டத் தெரிந்த அவருடைய ஆட்கள் இருவரும் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். தீர்மானம் போடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. ஐஸ் ஃபாக்டரிக்காரர் தன் டிரம்மிலிருந்து டீசல் கொடுத்தார். அந்தத் தார்ப்பாயை நான் கோடையில் பார்த்திருக்காவிட்டால் அந்த இரவில் யாரை அழைப்பது என்றே தெரிந்திருக்காது.

உங்கள் பங்குக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தலைவரிடம் கேட்டு அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள். புதிய உறுப்பினர் தன் தொழிலைச் சொல்லி அறிமுகமாவது பழைய மரபு. பல சங்கங்களில் மறந்துவிட்டார்கள். கடையின் விலாசத்தையும் தள்ளுபடியையும் சொல்லாதீர்கள். வியாபாரம் தானாக வரும். இன்சுலினை வெயில் காலத்தில் வீட்டில் எப்படிப் பாதுகாப்பது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். மண்டபத்தில் பாதிப்பேருக்கு அது தேவை. சாப்பாட்டு நேரத்தில் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

மற்றது, 42 பேரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் ஒருவர் என்று தொடங்குங்கள். போன் செய்துவிட்டுப் போங்கள். அவர் தொழிலில் எது கஷ்டம் என்று கேளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் சங்கத்தில் அதிகம் பேசாதவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் ஐஸ் ஃபாக்டரிக்காரராக இருந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் போங்கள். தரையெல்லாம் ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.